ஏ-2 படிவத்துக்கு முன்னே

தூத்துக்குடியில் அன்னியச் செலாவணி மேசைக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் சட்டம் வகுத்த வரம்புக்குக் கிட்டேகூட வருவதில்லை. எல்.ஆர்.எஸ். திட்டத்தில் ஒரு நிதியாண்டுக்கு ஒருவர் 2,50,000 டாலர் வரை வெளிநாட்டுக்கு அனுப்பலாம். மகன் மெல்போர்னில் வாங்கும் வீட்டுக்கு உதவ நினைக்கும் உப்பளக்காரருக்கு அதில் சிறு பங்கு போதும். அப்படியும் அவருடைய பணம் மாதக்கணக்கில் நின்றுவிடுகிறது. அது எங்கிருந்து வந்தது என்று காட்டும் தாள் அவரிடம் இல்லை.

நம் கருத்தரங்குகளில் வரம்பைப் பற்றியும் வரி விகிதத்தைப் பற்றியும் நிறையப் பேசிவிட்டோம். தாளைப் பற்றியும் காலத்தைப் பற்றியும் பேசுவதில்லை. கட்டுப்பாடு உள்ள நாட்டில் சேமிப்பை நகர்த்துகிறவருக்கு இவை இரண்டும்தான் உயிர். இந்தக் கடற்கரைக்கு அது புதிய பாடமும் அல்ல.

1964 அக்டோபர் 30 அன்று கையெழுத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தை எடுத்துக்கொள்வோம். இலங்கையில் இருந்த இந்திய வம்சாவளியினரில் 5,25,000 பேரை இந்தியா ஏற்கும், 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை தரும் என்ற எண்ணிக்கைகள் பலருக்குத் தெரியும். நம் தொழிலில் இருப்பவர்கள் ஊன்றிப் படிக்க வேண்டியது அதன் பணக் கூறு. இந்தியாவுக்கு அனுப்பப்பட வேண்டியவர்கள் இலங்கையில் இருக்கும்வரை மற்ற நாட்டவருக்குள்ள வசதிகள் அவர்களுக்கும் உண்டு. பணம் அனுப்பும் வசதி மட்டும் கிடையாது. சேமநிதி, பணிக்கொடை உட்பட எல்லாச் சொத்தையும் எடுத்துப் போகலாம். ஆனால் இறுதியாகப் புறப்படும்போதுதான். ஒரு குடும்பம் கொண்டுபோகக்கூடிய உச்சத் தொகை 4,000 ரூபாய்க்குக் கீழே குறைக்கப்படாது என்ற உறுதிமொழியும் இருந்தது. இவை அனைத்தும் அந்தந்தக் காலத்தில் நடைமுறையில் இருக்கும் செலாவணிக் கட்டுப்பாட்டு விதிகளுக்கு உட்பட்டவை.

தேயிலைத் தோட்டத்தில் ஆயுள் முழுக்கக் கொழுந்து பறித்துச் சேர்த்த பணம் ஒரே ஒரு நாளில், கப்பலேறும் நாளில், கடல் தாண்ட வேண்டும். அந்த நாளைத் தேர்ந்தெடுக்கும் உரிமை பணத்துக்கு உரியவரிடம் இல்லை. காத்திருந்த காலத்தில் அந்த 4,000 ரூபாய்க்கு என்ன ஆனது என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒப்பந்தம் கையெழுத்தானபோது இலங்கை ரூபாயும் இந்திய ரூபாயும் சம மதிப்பு. 1966 ஜூனில் இந்தியா தன் நாணய மதிப்பைக் குறைத்தது, டாலருக்கு 4.76 என்பது 7.50 ஆனது. அதே 4,000 இலங்கை ரூபாய் அதிகாரபூர்வ விகிதத்தில் ஏறக்குறைய 6,300 இந்திய ரூபாய் ஆயிற்று. 1967 நவம்பரில் இலங்கை தன் ரூபாயை 20 சதவீதம் குறைத்ததும் அது 5,040-க்கு இறங்கியது. உழைப்பில் மாற்றமில்லை, சேமிப்பில் மாற்றமில்லை. புறப்பட்ட தேதி ஒன்று மட்டுமே ஒரு குடும்பத்தின் கையிலிருந்து ஆயிரத்துக்கும் மேற்பட்ட ரூபாயை எடுத்துவிட்டது. அந்நாளில் அது ஒரு குடும்பம் தலைநிமிரத் தேவையான பணம்.

அவர்களில் மிகப் பெரும்பாலோர் தலைமன்னார்–இராமேசுவரம் வழியே வந்தார்கள். தூத்துக்குடி அந்தப் பயணத்தின் வாசல் அல்ல. ஆனாலும் கொழும்புக்குத் தோணி அனுப்பிப் பிழைத்த ஊர் இது. அக்கரையில் விதி மாறினால் இக்கரையில் வீட்டுச் செலவு மாறும் என்பதை நம் முந்தைய தலைமுறை அனுபவித்தே அறிந்தது.

இப்போதும் நிலைமை அதுதான். 2004-இல் 25,000 டாலரில் தொடங்கிய எல்.ஆர்.எஸ். வரம்பு 2007-இல் 2,00,000 வரை ஏறியது. ரூபாய் சரிந்துகொண்டிருந்த 2013 ஆகஸ்ட் 14 அன்று ரிசர்வ் வங்கி அதை 75,000-க்குக் குறைத்தது. அடுத்த மாதம் அனுப்பிக்கொள்ளலாம் என்று இருந்தவர்களுக்கு அடுத்த மாதம் வரவில்லை. அக்கரையில் 2020 ஏப்ரலில் இலங்கை அரசு வெளிநாட்டுக்குச் செல்லும் மூலதனப் பரிமாற்றங்கள் பலவற்றை நிறுத்திவைத்தது. 2022 மார்ச் தொடக்கத்தில் சுமார் 200 ரூபாயாக இருந்த டாலர் மே மாதத்தில் 360-ஐ எட்டியது. அனுமதிக்காகக் காத்திருந்தவரின் சேமிப்பு வங்கியில் பத்திரமாக இருந்தபடியே கரைந்தது. அனுமதி திறந்திருக்கும் நாளில் தாள் தயாராக இருக்க வேண்டும் என்று நான் வலியுறுத்துவது இதனால்தான்.

நம் ஊரில் இது எங்கே சறுக்குகிறது என்பதற்கு மாலுமிகளே முதல் சான்று. வெளிநாட்டுக் கப்பலில் ஒப்பந்தத்தில் ஏறுகிறவர் சம்பளத்தை என்.ஆர்.இ. கணக்கில் வாங்கினால், அந்தப் பணம் எப்போது வேண்டுமானாலும் தடையின்றி வெளியே போகும். வேலையை முடித்து ஊரோடு தங்கும்போது அதை ஆர்.எஃப்.சி. கணக்குக்கு மாற்றிக்கொண்டால் அந்தச் சுதந்திரம் தொடரும். ஆனால் அப்பா காலத்துச் சாதாரண சேமிப்புக் கணக்கிலேயே இருபது வருடச் சம்பளத்தைப் போட்டு வைத்தவர்கள் இங்கே ஏராளம். கடலில் டாலராகச் சம்பாதித்த பணம் கரையில் சாதாரண உள்நாட்டுப் பணமாகிவிடுகிறது. பிறகு அதை அனுப்ப எல்.ஆர்.எஸ். வரம்பு, ஏ-2 படிவம், 10 லட்சத்துக்கு மேல் முதலீட்டுக்கோ அன்பளிப்புக்கோ போனால் 20 சதவீத டி.சி.எஸ். என்று எல்லாமே வந்து சேரும். டி.சி.எஸ். வரிக் கணக்கில் திரும்பக் கிடைப்பதுதான். ஆனாலும் அதுவரை முடங்கிக் கிடப்பது அவர் காசு. கடைசி ஒப்பந்தத்தை முடித்து இறங்கும் வாரத்தில் யாராவது ஒருவர் இதைச் சொல்லியிருக்க வேண்டும். அந்த ஒருவர் நாமாகத்தான் இருக்க முடியும்.

இன்னொன்று வீடு விற்கும் வழக்கு. மில்லர்புரத்தில் தகப்பனார் வீடு. டொராண்டோவில் இருக்கும் மகளுக்கு வாரிசுரிமையில் வருகிறது. வாங்குகிறவர் வழக்கம்போல ஒரு சதவீதம் பிடித்துக் கட்டிவிடுகிறார். விற்பவர் வெளிநாடுவாழ் இந்தியர் என்பதால், 1961 வருமான வரிச் சட்டத்தின் 195-ஆம் பிரிவாக நாம் பழகிய கடமைப்படி அவர் பிடித்திருக்க வேண்டிய வரி வேறு. (2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்குரிய புதிய சட்டத்தில் பிரிவு எண்தான் வேறு.) விற்ற பணம் என்.ஆர்.ஓ. கணக்கில் விழுந்த பிறகே தவறு தெரிகிறது. ஆண்டுக்கு 10 லட்சம் டாலர் வரை அனுப்ப வழியிருந்தும், பட்டயக் கணக்காளர் சான்று தர முடியாமல் பணம் கிடக்கிறது. வாரிசுச் சான்றில் ஒரு பெயர், பத்திரத்தில் ஒரு பெயர், கடவுச்சீட்டில் ஞானஸ்நானப் பெயர் என்பது நம் கடற்கரையில் வீட்டுக்கு வீடு உண்டு. பத்திரப்பதிவுக்கு ஆறு மாதம் முன்பே உட்கார்ந்து சரிசெய்ய வேண்டிய வேலை இது.

நாம் தாமதித்தால் வாடிக்கையாளர் சும்மா இருக்கமாட்டார். உண்டியல் காத்திருக்கிறது. இங்கே ரூபாயைக் கொடுத்தால் அங்கே டாலர் போய்ச் சேரும். கடலைத் தாண்டிப் பணம் எதுவும் போவதில்லை, இரு கரைகளிலும் பற்று வரவு மட்டும் நேராகும். எதிர்க்கணக்கு பெரும்பாலும் கள்ளத் தங்கத்தில் முடிகிறது. ஃபெமா சட்டத்தில் இதற்குத் தொகையைப் போல மூன்று மடங்குவரை அபராதம் உண்டு. இப்போது அதைவிடக் கொடுமை ஒன்று சேர்ந்திருக்கிறது. அதே வழியில் அங்கிருந்து இங்கே பணம் வாங்கும்போது, உண்டியல்காரர் யாரோ ஒருவர் கணக்கிலிருந்து பணத்தைப் போடுகிறார். அந்தக் கணக்கு இணைய மோசடி வழக்கில் சிக்கினால் வாங்கியவர் கணக்கும் சேர்ந்து முடக்கப்படுகிறது. தன் சொந்தச் சேமிப்பை எடுக்க முடியாமல் அவர் வேறு மாநிலக் காவல் நிலையத்துக்கு அலைய வேண்டியிருக்கிறது. இவர்களில் பலர் வரி ஏய்ப்பவர்கள் அல்லர். நம் மேசையில் நாலு முறை “நாளைக்கு வாங்க” கேட்டுச் சலித்தவர்கள். இது எனக்கு உண்மையிலேயே வேதனை தருகிறது.

வங்கிக் கிளைகளில் இருக்கும் நண்பர்களிடம் ஒன்று கேட்கிறேன். வெளிநாட்டு முதலீட்டுக்குப் பணம் அனுப்ப வருகிறவர் குறைந்தது ஓராண்டு உங்கள் வாடிக்கையாளராக இருக்க வேண்டும்; இல்லையென்றால் முந்தைய ஆண்டின் வங்கிக் கணக்கு அறிக்கை முதலானவற்றைப் பார்த்துத் திருப்தி அடைய வேண்டும். இதை அவர் வந்த முதல் நாளே சொல்லிவிடுங்கள். குறையும் தாள்கள் அனைத்தையும் ஒரே தடவையில், தமிழில், எழுதிக் கொடுங்கள். அனுப்பிய பணம் முதலீடு ஆகாமல் கிடந்தால் 180 நாளுக்குள் திரும்பக் கொண்டுவர வேண்டும் என்ற 2022 ஆகஸ்ட் விதியையும் அதே தாளில் சேருங்கள். பலருக்கு அது தெரியாது. வரி ஆலோசகர்களே, ஒவ்வொரு மாலுமி வாடிக்கையாளரின் கணக்கு எந்த வகை என்பதை இந்த ஆண்டு வருமான வரிப் படிவம் தாக்கல் செய்யும்போதே கேட்டுக் குறித்துவையுங்கள். இப்படிப்பட்ட தாளின் மாதிரி ஒன்று இந்த இதழின் நடுப்பக்கத்தில் இருக்கிறது. படியெடுத்துக் கிளையின் பெயரை எழுதிக்கொண்டால் நாளைக் காலையே பயன்படுத்தலாம்.