எரிஞ்சாதான் வேலை செய்யுதா?

ஒரு தாயாக நான் செய்த தவறை எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனாலும், இதைப் படித்து ஒரு பெண்ணாவது தப்பித்தால் போதும் என்று எழுதுகிறேன்.

என் மூத்த மகளுக்கு 24 வயது. மாநிறம். கல்லூரி நாட்களில் வந்த பரு, இரண்டு கன்னத்திலும் தழும்பாக நின்றுவிட்டது. அவள் அதைப் பற்றி ஒருநாளும் கவலைப்பட்டதில்லை. எனக்குத்தான் உறுத்தல். சென்ற ஆண்டு வைகாசியில் நிச்சயதார்த்தம் என்று முடிவானதும், "முகத்தைக் கொஞ்சம் சரி பண்ணிடலாம்டி" என்று நச்சரிக்க ஆரம்பித்தேன்.

இரண்டு தெரு தள்ளி இருந்த ஓர் அழகு நிலையத்தில் விசாரித்தேன். "கெமிக்கல் பீலிங் பண்ணினா பழைய தோல் உரிஞ்சு புதுத் தோல் வந்துடும். ஒரே சிட்டிங்ல பளிச்னு ஆயிடுவா" என்றார்கள். நிச்சயதார்த்தத்துக்குப் பன்னிரண்டே நாள்தான் இருந்தது. "வேணாம்மா" என்றவளை இழுக்காத குறையாக அழைத்துப் போனேன்.

ஏதோ திரவத்தை முகத்தில் தடவினார் அந்தப் பெண். என்ன மருந்து, எத்தனை சதவீதம் என்று நானும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. இரண்டு நிமிடத்தில், "எரியுதும்மா... தாங்க முடியல" என்றாள் மகள். "எரிஞ்சாதான் வேலை செய்யுதுன்னு அர்த்தம்" என்றார் அவர். நானும், "நல்லதுக்குத்தானே, கொஞ்சம் பொறுத்துக்கோ" என்று அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். இன்று நினைத்தாலும் என் வயிறு எரிகிறது!

மறுநாள் கன்னங்கள் சிவந்து வீங்கின. பிறகு பொருக்கு தட்டியது. அந்த நிலையிலும், கொளுத்தும் வெயிலில் ஸ்கூட்டரில் போய்ப் புடவை எடுத்து வந்தோம். மருந்துக் கடையில் கேட்டு, ஒரு கிரீமும் வாங்கிப் பூசினோம். பொருக்கு உதிர்ந்தது. அடியில் வந்ததோ பளிச்சென்ற தோல் அல்ல. கன்னம் முழுக்கக் கறுப்புத் திட்டு!

அழுதுகொண்டே அரசு மருத்துவமனையின் தோல் நோய்ப் பிரிவுக்கு ஓடினேன். அங்கிருந்த பெண் டாக்டர் முதலில் என்னைத்தான் திட்டினார். பிறகு பொறுமையாக விளக்கினார்.

"தாளிக்கும்போது கையில எண்ணெய் தெறிச்சா என்ன ஆகுது? புண் ஆறின பிறகும் அந்த இடம் மாசக்கணக்கில கறுப்பா இருக்கில்ல? நம்ம தோலோட குணமே அதுதான். நிறம் தர்ற அணுக்கள் நமக்குச் சுறுசுறுப்பு. சூடு பட்டாலும் சரி, அமிலம் பட்டாலும் சரி, அதுங்க கறுப்பைக் கூடுதலாச் சுரக்கும். வெள்ளைக்காரங்க தோலுக்குத் தாங்குற அளவு நம்ம தோலுக்குத் தாங்காது" என்றார். அடுப்படியிலேயே இருக்கும் எனக்கு, இந்த உதாரணம் சுருக்கென்று உறைத்தது.

பீலிங் என்பது கெட்ட சிகிச்சை அல்ல என்பதையும் அவரே சொன்னார். பரு, பருவினால் வந்த கறை, மங்கு ஆகியவற்றுக்குத் தோல் டாக்டர்களே செய்கிறார்களாம். கரும்பில் உள்ள கிளைகாலிக் அமிலம், புளித்த தயிரில் உள்ள லாக்டிக் அமிலம், எண்ணெய் வழியும் பரு முகத்துக்கு சாலிசிலிக் அமிலம் என்று வகைகள் உண்டு. இவை தோலின் மேலாக உள்ள இறந்த செல்களின் பிடிப்பைத் தளர்த்தி உரித்துவிடும். பெயர் சாதுவாக இருந்தாலும், வீரியம் கூடினால், கூடுதல் நிமிடம் வைத்துவிட்டால், சுட்டுவிடும். கிளைகாலிக் அமிலத்தை நிமிடம் பார்த்து, சோடா உப்புக் கரைசல் போன்றவற்றால் முறிக்க வேண்டும். ஆழமாக உரிக்கும் பீனால் வகையோ, இதயத் துடிப்பையே பாதிக்கக்கூடியது என்பதால், இதயத்தைக் கண்காணித்துக்கொண்டேதான் செய்வார்களாம். நம் போன்ற நிறத்தவர்களுக்கு அது பொதுவாக ஏற்றதல்ல.

நாங்கள் பூசிய கிரீம் ஸ்டீராய்டு கலந்ததாம். 2018-லேயே, இப்படிப்பட்ட 14 ஸ்டீராய்டு பூச்சு மருந்துகளை டாக்டர் சீட்டு இருந்தால்தான் விற்கலாம் என்று மத்திய அரசு உத்தரவு போட்டிருக்கிறது. நாம்தான் கேட்டதும் கிடைக்கிறதே என்று வாங்கிப் பூசிக்கொள்கிறோம்.

பீலிங் திரவத்தைத் தபாலில் வரவழைத்து வீட்டிலேயே செய்துகொள்ளும் பெண்களும் இருக்கிறார்கள். டாக்டர் மேற்பார்வை இல்லாமல் இவற்றை வாங்கவோ, பயன்படுத்தவோ வேண்டாம் என்று 2024 ஜூலையில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையே எச்சரித்திருக்கிறது.

சகோதரிகளே, பீலிங் செய்தே ஆகவேண்டும் என்றால், தோல் மருத்துவம் படித்த டாக்டரிடம் மட்டும் போங்கள். என்ன அமிலம், எத்தனை சதவீதம் என்று கேளுங்கள். காதுக்குப் பின்னால் கொஞ்சம் தடவிச் சோதித்துப் பார்க்கச் சொல்லுங்கள். கர்ப்பமாக இருந்தால், பருவுக்கு மாத்திரை சாப்பிட்டால், உதட்டோரம் அடிக்கடி கொப்புளம் வருமென்றால் மறைக்காமல் சொல்லுங்கள். ஒரே சிட்டிங்கில் பளிச் என்பது பொய். லேசான பீலிங்கைச் சில வார இடைவெளியில் பலமுறை செய்தால்தான் பலன். விசேஷத்துக்கு முந்தைய வாரங்களில் புதிதாக எதையும் முயற்சிக்கவே கூடாது. செய்த பிறகு வெயில் ஆகாது, சன்ஸ்கிரீன் அவசியம். உரியும் தோலை நகத்தால் பிய்க்கக் கூடாது. முக்கியமாக, "எரியுது" என்று பெண் சொன்னால், உடனே நிறுத்தச் சொல்லுங்கள்!

நிச்சயதார்த்தம் அந்தத் திட்டுகளோடுதான் நடந்தது. மாப்பிள்ளை வீட்டில் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. சம்பந்தியம்மா மட்டும், "என்னடா கண்ணு, முகத்துல பட்டுக்கிட்டியா?" என்று தடவிக் கொடுத்தார். எனக்குத் தலை நிமிரவில்லை. திட்டு மங்குவதற்கு எட்டு மாதம் பிடித்தது. பருத் தழும்பு அப்படியேதான் இருக்கிறது.

ஒருநாள் கேட்டேவிட்டேன், "அம்மா மேல கோபமாடி?" என்று. "பரு இருந்தப்போ எனக்கு ஒண்ணும் தெரியலம்மா. நீதான் பார்த்துப் பார்த்து எனக்குக் காட்டிக் கொடுத்தே" என்றாள்.

இப்போது என் இளைய மகளுக்கும் பரு வந்திருக்கிறது. டாக்டரிடம் காட்டி மருந்து வாங்கியாயிற்று. அவள் முகத்தை உற்றுப் பார்ப்பதை மட்டும் நான் நிறுத்திவிட்டேன்.

— பெயர் வெளியிட விரும்பாத வாசகி, விருதுநகர்.