டிராம் தரும் படிப்பினை

ஆலைத் துணியால் நம்மவருக்கு நெடுநாள் அறிமுகமான மான்செஸ்டர் நகரம், 1949-ல் தன் டிராம் வண்டிகளை நிறுத்திவிட்டது. நாற்பத்துமூன்று வருஷங்களுக்குப் பின், 1992-ல், அதே நகரம் பழைய ரயில் பாதைகள் இரண்டை வீதித் தண்டவாளத்தால் இணைத்து மீண்டும் டிராம் ஓட்டத் தொடங்கிற்று. பின்னர் விஸ்தரிப்புத் திட்டம் எழுந்தது. செலவு மிகுதியென்று 2004-ல் லண்டன் ஸர்க்கார் பணம் தர மறுத்தது. மான்செஸ்டர் வாளாவிருக்கவில்லை. பொதுஜனங்கள் கிளர்ச்சி செய்தனர். ஸ்தல ஸ்தாபனங்கள் தாமே நிதி திரட்ட முன்வந்தன. பாதை 2014-ல் விமான நிலையத்தை எட்டிற்று. 2020-ல் டிராஃபோர்டு சென்டரை எட்டியபோது நிறுத்தங்கள் 99 ஆயின.

1895 முதல் மின்சார டிராம் ஓடிய சென்னையோ, அதை நடத்திய கம்பெனி நஷ்டத்தில் முழுகியதும், 1953-ல் டிராமையே இழந்தது. ஒரு கம்பெனியின் வரவுசெலவுக் கணக்கு ஒரு நகரத்தின் போக்குவரத்துக்கு விதியாயிற்று! இன்றைய மான்செஸ்டர் டிராம் பொது ஸ்தாபனத்தின் சொத்து. ரஸ்தா லாபம் தருகிறதா என்று யாரும் கேட்பதில்லை. டிராமையும் அவ்வரிசையில் வைத்தே எண்ணவேண்டும். தண்டவாளத்தைப் பெயர்ப்பது எளிது; மீண்டும் பதிப்பது ஒரு தலைமுறை வேலை. நம் நகரசபையாரும் மந்திரிகளும் இதை மறவாதிருப்பார்களாக.