சீட்டுக்கு அடியில் ஒரு போத்தல்

எங்கள் பக்கத்துப் பழைய ஜீப் எதிலும் ஏறிப் பாருங்கள், சீட்டுக்கு அடியில் ஒரு பிரேக் ஒயில் போத்தல் கிடக்கும். பாதி காலி, மூடியும் சரியாக இறுகியிருக்காது. கேட்டால், "கொறஞ்சா ஊத்திக்குவோம்" என்பார்கள். நானும் அப்படித்தான் இருந்தேன். தோட்டத்து லொறியும் ஜீப்பும் ஓட்டியே முப்பது வருடம் போனது. ஊற்றுவது வைத்தியம் அல்ல என்று புத்திக்கு எட்ட அறுபத்தொரு வயது ஆகிவிட்டது.

என் வண்டி 1963ஆம் ஆண்டு லேண்ட் ரோவர், 88 அங்குலக் குட்டை வண்டி. பலாபத்வல சந்தியில் நிறுத்தினால் யாராவது ஒருவர் விலை கேட்காமல் போகமாட்டார். மிளகு மூட்டை ஏற்ற ரத்தோட்டைக்கு மேலே, ரிவர்ஸ்டன் தாண்டி இலுக்கும்புர வரை போய் வரும். அந்த இறக்கம் தெரிந்தவர்களுக்கு பிரேக்கைப் பற்றி நான் சொல்ல ஒன்றுமில்லை. தெரியாதவர்களுக்கு ஒன்று: இந்த வயது வண்டியில் நாலு சில்லுக்கும் ஒரே பாதையில்தான் ஒயில் போகிறது. இன்றைய கார்களில் இரண்டு தனிப் பாதைகள். ஒன்று அறுந்தாலும் மற்றது ஓரளவு பிடிப்பாவது தரும். இதில் எங்கே ஒழுகினாலும் நாலு சில்லும் கைவிடும்.

மாத்தளை முத்துமாரியம்மன் கோயில் மாசி மகத் தேர் முடிந்த மறுநாள் பிரேக் ஒயில் டப்பாவின் மூடியைத் திறந்தேன். விரலளவு குறைந்திருந்தது. ஊற்றினேன். பத்து நாளில் மறுபடி விரலளவு. மூன்றாம் முறை கராஜுக்குப் போனேன். எந்தக் கராஜ் என்பது வேண்டாம். பாஸ் சில்லைக் கழற்றுமுன்பே தீர்ப்புச் சொன்னார்: "முன் வீல் சிலிண்டர்தான்." இரண்டுக்கும் ரப்பர் மாற்றினார். காசு போனது, ஒயிலும் தொடர்ந்து போனது. திரும்பப் போனபோது, "அப்ப பின்பக்கமா இருக்கும்" என்றார். வேண்டாம் என்று வண்டியை வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.

இஞ்சின் ஒயிலை இஞ்சின் எரித்துவிடலாம். என் வண்டி பிரேக்கில் எரிய இடமில்லை. மூடிய குழாய்க்குள் கிடக்கிறது. லைனிங் தேயத் தேய மட்டம் கொஞ்சம் இறங்கும்தான், ஆனால் அதற்கு மாதக்கணக்காகும். பத்து நாளில் விரலளவு என்றால் அது எங்கோ வெளியே வந்தே ஆகவேண்டும்.

இரவில் நாலு சில்லுக்குக் கீழும் மட்டைப் பெட்டியைக் கிழித்து விரித்தேன். காலையில் பின் இடது சில்லுக்குக் கீழ் ஒரு கறை. பிடித்துவிட்டேன் என்று துள்ளினேன். டிரம்மைக் கழற்றி, ஈரத்தைத் துணியில் ஒற்றி ஒரு கோப்பைத் தண்ணீரில் பிழிந்தேன். மேலே மிதந்தது. பிரேக் ஒயில் தண்ணீரோடு கலந்துவிடும். மிதந்தால் அது கியர் ஒயில். அச்சு சீல் போயிருக்கிறது, அது வேறு வியாதி. இந்த ஒரு கோப்பைத் தண்ணீர்ச் சோதனையை எந்தக் கராஜிலும் யாரும் செய்து நான் பார்த்ததில்லை.

பிறகு கிளச்சைச் சந்தேகித்தேன். இந்த மொடலில் பிரேக்குக்கும் கிளச்சுக்கும் ஒரே தகர டப்பா, உள்ளே தடுப்பு மட்டும். கிளச்சுப் பக்கம் ஒழுகினாலும் மேலே பார்ப்பவருக்கு பிரேக் ஒயில் குறைந்த மாதிரியே தெரியும். கிளச் சிலிண்டரைத் துடைத்து இரண்டு நாள் ஓட்டினேன். காய்ந்தே இருந்தது. ரப்பர் ஹோஸ், அச்சோடு போகும் இரும்புக் குழாய், எல்லாவற்றையும் விரலால் தடவிக்கொண்டே வந்தேன். ஒன்றுமில்லை.

கண்டுபிடித்தது வீட்டுக்காரி. "ஒங்க சோத்துக்கால் செருப்பு மட்டும் என்னமோ வழுக்குதுங்க. எத்தன வாட்டி கழுவுறது?" என்றாள்.

ஓடிப்போய் பிரேக் பெடலுக்குக் கீழே இருந்த விரிப்பைத் தூக்கினேன். பெயின்ட் தோலுரிந்து கிடந்தது. லேண்ட் ரோவரின் உடம்பு அலுமினியம், ஆனால் கால் வைக்கும் இடம் இரும்பு. உரிந்த இடத்தில் துருவும் ஏறியிருந்தது. மாஸ்டர் சிலிண்டரின் பின் ரப்பர் தேய்ந்து, மிதிக்கும்போதெல்லாம் துளித்துளியாகப் பெடல் வழியே இறங்கியிருக்கிறது. நிலத்தில் எப்படிக் கறை தெரியும்? விரிப்பும் செருப்பும் குடித்துவிட்டன. சிலிண்டரின் உட்சுவரும் பொருக்குத் தட்டியிருந்ததால் ரப்பர் மட்டும் மாற்றிப் பயனில்லை. முழு சிலிண்டரும் புதிது போட்டு, பழைய ஒயிலை முழுக்க இறக்கி, எயார் எடுத்தேன்.

அந்தப் போத்தலையும் எறிந்தேன். பிரேக் ஒயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். டொட் 3 வகை புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 பாகை வரை கொதிக்கக் கூடாது. ஈரம் ஏறியபின் அதற்குக் கேட்கப்படும் அளவே 140 பாகைதான். நீண்ட இறக்கத்தில் டிரம் சூடேறி ஒயில் கொதித்தால் குழாய்க்குள் ஆவி நிற்கும், பெடல் பஞ்சு மாதிரி அடியில் போய் உட்காரும். மூடி இறுகாத போத்தலோடு ரிவர்ஸ்டன் மூடுபனிக்குள் மாதக்கணக்காகப் போய் வந்த நான், ஊற்றியது ஈரம் ஏறிய ஒயில் என்றுகூட நினைத்துப் பார்க்கவில்லை.

2008 முதல் புகைப் பரிசோதனைச் சான்றிதழ் இல்லாமல் வருமான அனுமதிப்பத்திரம் தருவதில்லை. நல்ல காரியம்தான், குறை சொல்லவில்லை. என் வண்டியும் அந்தக் கண்டத்தை வருடா வருடம் தாண்டுகிறது. ஆனால் லொறிக்கும் பஸ்ஸுக்கும் தகுதிச் சான்று கேட்பவர்கள், அறுபது வயது தனியார் ஜீப்பின் பிரேக்கைப் பற்றி ஒரு வார்த்தை கேட்பதில்லை. புகைக்குழாயில் குழாயைச் செருகும் அதே பையனை, பொனட்டைத் தூக்கி டப்பாவையும் பெடலடியையும் பார்க்கச் சொல்ல முடியாதா? இரண்டு நிமிட வேலை. மோட்டார் போக்குவரத்துத் திணைக்களம் இதை யோசிக்க வேண்டும்.

அதுவரை, பழைய ஜீப் வைத்திருப்பவர்கள் நாளைக் காலை வண்டியை எடுக்குமுன் பெடலுக்குக் கீழே இருக்கும் விரிப்பை ஒருமுறை தூக்கிப் பாருங்கள்.