கேலனுக்கு ஒரு நத்தை என்னும் கணக்கு

பவளத் தொட்டி வைக்கத் தொடங்குபவர்களுக்குக் கடைக்காரர் முதல் கையேடு வரை எல்லோரும் சொல்லிக்கொடுக்கும் பாடம், ஒரு கேலன் நீருக்கு, அதாவது சுமார் 3.8 லிட்டருக்கு, ஒரு நத்தை என்பது. 200 லிட்டர் தொட்டி என்றால் பல வகை கலந்த ஐம்பது நத்தைகள், 'துப்புரவுப் படை' என்ற பெயரில் ஒரே பொட்டலமாக வந்து இறங்கும். எளிமையான விதி. ஆனால் அது நத்தை விற்பவருக்குப் பயன்படும் அளவுக்கு நத்தைக்கோ தொட்டிக்கோ பயன்படுவதில்லை.

முதல் கோளாறு அளவுகோலிலேயே இருக்கிறது. நத்தை நீரைத் தின்பதில்லை. கல்லிலும் கண்ணாடியிலும் படியும் பாசிப் படலத்தையும் மணலில் தங்கும் கழிவையும் தின்கிறது. மேய்ச்சல் நிலத்தின் மேலிருக்கும் காற்றை அளந்து ஆடு வாங்குவதைப் போன்றது லிட்டர் கணக்கில் நத்தை வாங்குவது. 60 செ.மீ. கனசதுரத் தொட்டியும், 120 செ.மீ. நீளம், 60 செ.மீ. அகலம், 30 செ.மீ. உயரம் கொண்ட தாழ்ந்த தொட்டியும் ஒரே 216 லிட்டர்தான். ஆனால் இரண்டாவதன் மணற்பரப்பு முதலாவதைப் போல இரண்டு மடங்கு. மணலில் வாழும் செரித் நத்தைக்கு அந்த வேறுபாடுதான் முக்கியம். கல்லில் மேய்பவற்றுக்கும் இதே கதைதான்: பவளம் படர்ந்து, பாசி தின்னும் டாங் மீனும் சுற்றிவரும் பழைய தொட்டியில் அவற்றுக்கு மிஞ்சுவது சொற்பம்.

இரண்டாவது கோளாறு, எல்லா நத்தையும் ஒரே வேலை செய்யும் என்ற நினைப்பு. பொட்டலத்தில் தவறாமல் இருக்கும் நசாரியஸ் பாசியைத் தொடுவதே இல்லை. மணலுக்குள் புதைந்திருந்து, இறைச்சி வாசனை பட்டதும் மேலெழுந்து வரும் பிணந்தின்னி அது. பாசிக்காக அதை வாங்குவது காசுக்குக் கேடு. ஆஸ்ட்ரியா நன்றாக மேயும். ஆனால் கூம்பு ஓடு கவிழ்ந்து மணலில் விழுந்தால் பெரும்பாலும் தானாக நிமிர முடியாது, கவனிக்காவிட்டால் கிடந்தே சாகும். ட்ரோக்கஸ் நிமிர்ந்துகொள்ளும். மெக்சிகன் டர்போ முடிப்பாசியைக்கூட வழித்துத் தின்னும். ஆனால் உருவம் பெரியது, ஒட்டாத பவளத் துண்டுகளைத் தள்ளிக் கவிழ்த்துவிடும். எல்லாவற்றிலும் மோசம் மார்கரிட்டா. அலாஸ்கா தொடங்கி வட அமெரிக்காவின் பசிபிக் கரையோரக் குளிர்நீரில் வாழும் உயிர் அது. 26 டிகிரி செல்சியஸ் தொட்டியில் அது மெல்ல மெல்ல வெந்து சாவதைத்தான் பலர் 'நத்தை நீடிக்கவில்லை' என்கிறார்கள். நசாரியஸ் என்ற பெயரிலேயே அமெரிக்க அட்லாண்டிக் கரையின் குளிர்நீர்ச் சேற்று நத்தையும் விற்பனைக்கு வருகிறது. விலையைக் கேட்பதற்கு முன் அறிவியல் பெயரைக் கேட்பது நல்லது.

புதுத் தொட்டியில் பாசி வெள்ளமாய் வரும்போது நிறைய நத்தை வேண்டாமா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் அப்போது படியும் பழுப்புப் படலம் பெரும்பாலும் டையாட்டம் என்னும் நுண்பாசி. சிலிக்கேட் தீரத் தீர, பொதுவாகச் சில வாரங்களில் தானே அடங்கும். அதற்காக இறக்கிய ஐம்பது வாய்களுக்கு அதன் பின் யார் சோறு போடுவது? பட்டினியில் செத்த நத்தை ஓட்டுக்குள்ளேயே அழுகும். சிறிய தொட்டியில் ஒரு பெரிய டர்போ அழுகினாலே அம்மோனியா ஏறும். இன்னொன்றும் உண்டு. நத்தை பாசியை அழிப்பதில்லை, செரித்துக் கழிவாக மாற்றுகிறது. அதிலிருந்த நைட்ரஜனும் பாஸ்பேட்டும் நீருக்குத்தான் திரும்புகின்றன. அவற்றை வெளியேற்ற நீர் மாற்றவேண்டும், கழிவை நுரையாகப் பிரிக்கும் ஸ்கிம்மர் ஓடவேண்டும், அல்லது பாசியை வளர்த்து அறுத்து எறியவேண்டும். மீனுக்கு அளவுக்கு மீறித் தீனி போட்டுவிட்டு நத்தையைக் கூட்டினால் பாசியின் உயரம்தான் குறையும், வேர்க்காரணம் அப்படியே நிற்கும்.

நத்தைகள் சாவதற்குப் பட்டினி காரணமல்ல, உப்பளவு மாற்றத்துக்குப் பழக்காமல் விட்டதே காரணம் என்றும் வாதிடுவார்கள். பாதி உண்மை. நத்தையின் உடல்நீர் சுற்றியிருக்கும் கடல்நீரை ஒட்டியே மாறுவதால் திடீர் மாற்றம் அதைக் கொல்லும். சொட்டுச் சொட்டாக நீரைக் கலந்து பழக்கத்தான் வேண்டும். ஆனால் அந்தச் சாவு பெரும்பாலும் முதல் சில நாட்களில் நேரும். இரண்டு மூன்று மாதம் மேய்ந்துவிட்டுப் பின் ஒவ்வொன்றாய் விழுவதற்கு அந்த விளக்கம் பொருந்தாது. சுற்றித் திரியும் துறவி நண்டு ஓட்டுக்காகக் கொன்றிருக்கலாம், வெப்பம் ஒவ்வாமல் போயிருக்கலாம், தீனி தீர்ந்திருக்கலாம். 'ஆறு மாதத்துக்கு ஒருமுறை புதிதாக நிரப்புங்கள்' என்ற அறிவுரை இந்தச் சாவுகளையெல்லாம் இயல்பாக்கிவிடுகிறது. சரியான இடத்தில் ட்ரோக்கஸ் பல ஆண்டுகள் வாழும் உயிர். விற்பனைக்கு வரும் நத்தைகளில் பெரும்பங்கு கடலில் பிடிக்கப்பட்டவை என்பதையும் மலிவு விலை மறைக்கிறது.

விதி ஏதும் இல்லாமல் புதியவர் எப்படித் தொடங்குவார்? 200 லிட்டருக்கு நாலைந்து ட்ரோக்கஸ், ஒரு கைப்பிடி செரித். மீன் தீனி மணலில் தங்கினால் மட்டும் இரண்டு மூன்று நசாரியஸ். ஒரு மாதம் கழித்தும் கல்லில் படலம் தடித்தால் இன்னும் இரண்டைச் சேர்க்கலாம். கூட்டுவது எளிது, செத்ததைக் கல்லிடுக்கில் தேடி எடுப்பது கடினம். வாங்கப் போவதற்கு முன் ஓர் இரவு விளக்கணைந்த பின் டார்ச் அடித்துப் பார்க்கவும் வேண்டும். உயிர்க்கல்லோடு வந்த ஸ்டொமடெல்லா நத்தையும் கடுகளவு கொலோனிஸ்டா நத்தையும் பல தொட்டிகளில் தாமாகப் பெருகியிருக்கும். பாசி கூடினால் கூடி, குறைந்தால் குறையும் அவற்றையும் கணக்கில் சேர்த்த பிறகுதான் எத்தனை நத்தை வேண்டும் என்ற கேள்வியே எழும்.