வேஷம் கட்டினால் பொய்யா?

மண்டை ஓட்டை வைத்துக்கொண்டு நாலு பேர் தெருவில் உட்கார்ந்தால் போதும், டீக்கடையில் உடனே தீர்ப்பு வந்துவிடும்: "சும்மா டிராமா போடுதானுவ." 2017-ல் விவசாயிகள் சங்கத் தலைவர் அய்யாக்கண்ணுவோடு டெல்லி ஜந்தர் மந்தரில் உட்கார்ந்த விவசாயிகளுக்கும் இதே தீர்ப்புதான். நியாயம் இருந்தால் மனு கொடுக்க வேண்டியதுதானே, வேஷம் எதற்கு என்கிறார்கள்.

இதைத் தூத்துக்குடிக்காரன் சொல்வதுதான் பொறுக்கவில்லை. தசராவுக்குத் தூத்துக்குடி மாவட்டத்துக் குலசேகரன்பட்டினம் போய்ப் பாருங்கள். மாலை போட்டு, விரதம் இருந்து, காப்புக் கட்டிய பிறகுதான் காளி வேஷம். போலீஸ், குரங்கு, பிச்சைக்காரன் என்று வேஷம் கட்டுகிறவர்களும் வீடு வீடாகக் காணிக்கை வாங்கி முத்தாரம்மனுக்குச் சேர்க்கிறார்கள். லாரி முதலாளி பிச்சைப் பாத்திரம் ஏந்துகிற நாள் அது. அதை டிராமா என்று சொல்லிப் பாருங்கள், உதை விழும். அம்மன் முன்னால் மெய்யாக இருக்கிற வேஷம் ஆட்சியர் முன்னால் மட்டும் பொய்யாகிவிடுமா?

வேஷம் கட்டிப் போராடுவதும் இங்கே புதிதல்ல. தூத்துக்குடிப் பக்கம் காட்டுநாயக்கன்பட்டியில் பிறந்த சங்கரதாஸ் சுவாமிகள் எழுதியது வள்ளி திருமணம். தினைப்புனம் காக்கும் அந்தக் கதைக்குள் வெள்ளைக்காரன் ஆட்சியில் மதுரகவி பாஸ்கரதாஸின் கொக்குப் பாட்டை நுழைத்தார் நாடக நடிகர் விஸ்வநாததாஸ். வெள்ளைக் கொக்கு யார் என்பது கொட்டகைக்கும் புரிந்தது, ஓரத்தில் நின்ற போலீசுக்கும் புரிந்தது. பலமுறை சிறை. காங்கிரஸ் பேச்சைக் கேட்க வராதவனும் முருகனைப் பார்க்க வருவான். அதுதான் அந்த வேஷத்தின் வேலை. 1940 டிசம்பர் 31 இரவு முருகனாக மேடையில் இருந்தபோதே அவர் உயிர் போனது.

எல்லா வேஷத்துக்கும் நான் வக்காலத்து வாங்கவில்லை. கழுதையிடம் மனு கொடுப்பதெல்லாம் கேமராவுக்காக நடப்பது, சலித்தும் போய்விட்டது. மண்டை ஓடு அப்படியல்ல. தற்கொலை செய்துகொண்ட விவசாயியை டெல்லிக்கு வேறு எப்படிக் கூட்டிப் போவது?

மனுவே போதும் என்கிறவர்கள் 2018 மே 22-ஐ நினைத்துப் பார்க்கட்டும். தூத்துக்குடி ஸ்டெர்லைட் ஆலையை மூடச் சொல்லி, போராட்டத்தின் நூறாவது நாளில், ஜனங்கள் ஆட்சியர் அலுவலகத்துக்கு நடந்து போனார்கள். அன்றும் மறுநாளும் போலீஸ் சுட்டதில் 13 பேர் செத்தார்கள்.

வேஷத்தை வெறும் விளையாட்டு என்று அரசாங்கம் ஒருநாளும் நினைத்ததில்லை. 1876-ல் வெள்ளைக்காரன் நாடகத்தைக் கட்டுப்படுத்தச் சட்டம் கொண்டுவந்தான். 1954-ல் நாடக நடிகர் எம்.ஆர்.ராதாவின் வாய்க்குப் பயந்து நம்மவர்களும் ஒன்று கொண்டுவந்தார்கள். எழுத்தாளர் ஞாநி வழக்குப் போட்டு, 2013-ல் சென்னை உயர் நீதிமன்றம் அதன் முக்கியப் பிரிவுகளைச் செல்லாதென்று சொல்லும்வரை, நாடகம் போடுகிறவர் வசனத்தை முதலில் போலீசிடம் காட்டி அனுமதி வாங்க வேண்டியிருந்தது.