கோப்பிக் கன்று கேட்கிற உறவுகளுக்கு

நீளமான பதிவு, பொறுமையாக வாசியுங்கோ.

கொழும்புக் கடைகளில் கோப்பி என்ன விலை போகுது பாருங்கோ, எங்களுக்கும் கன்று தரச் சொல்லி மனுக் கொடுப்போம் என்று நாலைந்து நாளாக ஒரே கதை. இது வன்னி. அந்த விலை போகிற அரபிக்கா, குளிரான மலையில் நிழலுக்குக் கீழே வளர்கிற மரம். எங்கட வெயிலுக்கு நிற்காது. மலைநாட்டிலேயே 1869இல் வந்த இலைத்துரு நோய் கோப்பித் தோட்டங்களை அழித்த பிறகுதான் தேயிலை அந்த இடத்தைப் பிடித்தது.

கோப்பியிடம் படிக்க வேறு விஷயம் இருக்கு. ஆந்திராவில் அராக்குப் பள்ளத்தாக்கு. ஆதிவாசிக் குடும்பங்கள், துண்டு துண்டான சிறு காணிகள். முந்தி வியாபாரி சொன்னதுதான் விலை. நாந்தி என்ற தொண்டு நிறுவனத்தின் துணையோடு கூட்டுறவுச் சங்கம் அமைத்தார்கள். சிவந்த பழம் மட்டும்தான் ஆயலாம். எல்லாருடையதையும் ஒரே இடத்தில் தோல் நீக்கி, காயவைத்து, தரம் பார்த்துத்தான் விலை. 2017இல் பாரிஸில் அராக்கு என்ற பெயரிலேயே கடை திறந்தது. 2019இல் அராக்கு அரபிக்காவுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. மரம் அதே மரம். பறிக்கிற ஒழுங்கும் விற்கிற ஒழுங்கும்தான் மாறியது.

இப்ப எங்களுக்கு வருவோம். ஏ9 வீதியால் போகிறவர்கள் முறிகண்டியில் இறங்கிக் கச்சான் வாங்காமல் போவது குறைவு. பெயர் ஏற்கனவே இருக்கு! அந்தப் பெயரால், முல்லைத்தீவில் நாள் முழுக்கக் குனிந்திருந்து கச்சான் ஆய்கிற பெண்ணுக்கு ஒரு ரூபாய் கூடக் கிடைக்குதா? நெல்லும் அப்படித்தான். வெட்டு மெசின் வயலில் நிற்கும்போதே லொறி வந்துவிடும். ஈரம் என்று சொல்லி மூட்டைக்கு இத்தனை கிலோ கழிவு. காயவைக்கத் தளமில்லை, கடன்காரன் வாசலில். அளவையில் குறைப்பவர்களைக் கண்டித்துக் குர்ஆனில் ஒரு சூராவே இருக்கு. அந்தத் தராசுக்குப் பின்னால் எங்கட ஆட்களும் நிற்கிறார்கள், அதையும் நான்தான் சொல்லவேண்டும்.

சங்கம் இல்லையா? இருக்கு, பெயர்ப்பலகையோடு. பொதுக்கூட்டத்துக்கு ஆள் சேராது, உரமானியம் என்றால் மட்டும் வரிசை. தலைவர் பதவி அடுத்த தேர்தலுக்கு ஏணி. கணக்குக் கேட்டவன் குழப்பக்காரன். இதற்குள் நாங்கள் முஸ்லிம், அவை தமிழர், இவை மலையகத்தால் வந்தவை என்று மூன்று பக்கம். அந்த மலையகச் சனத்தின் முன்னோர் கோப்பித் தோட்டங்களுக்காக மன்னார்க் கரையிலிருந்து மாத்தளை வரை காட்டு வழியால் நடந்து, வழியிலேயே செத்தும் போனவர்கள். இன்றைக்கு மூன்று பக்கமும் தனித்தனியாக நின்று ஒரே லொறிக்காரனுக்குத்தான் விற்கிறோம்.

அராக்குக்குப் பின்னால் பெரிய காசு நின்றது என்பீர்கள். உண்மை. ஆனால் கச்சானைத் தரம் பிரிக்கவும், சங்கத்தின் சொந்தத் தராசில் நிறுக்கவும் கோடி தேவையில்லை. நிறுவனங்கள் வந்து கன்றும் தொப்பியும் தந்து படம் எடுத்துக்கொண்டு போவதை எத்தனை தரம் பார்த்தாச்சு. அந்தக் கன்றுகள் இப்ப எங்கே?

அறுவடைக்கு முன் உங்கட சங்கத்தின் பொதுக்கூட்டத்துக்குப் போங்கோ. களஞ்சியம் ஏன் பூட்டிக் கிடக்கு, திறந்திருந்தால் யாருக்கு என்ன வாடகைக்குக் கொடுத்தது, ஈரமானி ஒன்று வாங்க எவ்வளவு வேணும் என்று எழுந்து நின்று கேளுங்கோ. பதிலைக் கூட்டக் குறிப்பில் எழுதச் சொல்லுங்கோ.