வரைபடத்தில் சேரி எங்கே இருக்கிறது?

மேற்படிப்புக்கு என்ன எடுக்கலாம் என்று கேட்டு வரும் மாணவர்களுக்கு நம் இயக்கத் தோழர்கள் வழக்கமாகச் சொல்வது மூன்று. சட்டம் படி, சமூகப்பணி படி, குரூப் தேர்வுக்குத் தயாராகு. மூன்றும் தேவைதான். நானும் சமூகவியல் படித்துவிட்டுத்தான் களத்துக்கு வந்தேன். நாம் சொல்லாமல் விடும் நான்காவது ஒன்று இருக்கிறது: தொலையுணர்வும் புவித்தகவலியலும். செயற்கைக்கோள் படங்களை வைத்து நிலத்தையும் நீரையும் காட்டையும் வரைபடமாக்கும் படிப்பு. எது ஏரி, எது சதுப்பு, எது தரிசு, எது ஆக்கிரமிப்பு என்று முடிவாகும் மேசைக்கு இன்று இந்த வரைபடங்கள்தான் போகின்றன. அந்த மேசையில் நம் பிள்ளைகளும் உட்கார வேண்டும்.

'செயற்கைக்கோளுக்குச் சாதி தெரியாது' என்று சிலர் சொல்வார்கள். சிக்கலே அங்குதான். ஐரோப்பாவின் சென்டினல்-2 படங்கள் எல்லோருக்கும் இலவசம். அதில் ஒரு பிக்சல் என்பது தரையில் 10 மீட்டருக்கு 10 மீட்டர், ஏறக்குறைய இரண்டரை சென்ட். நம் மக்களுக்குக் கிடைக்கும் இலவச மனைப்பட்டாவும் பல ஊர்களில் 2 சென்ட், 3 சென்ட்தான். ஒரு குடும்பத்தின் வீடும் வாசலும் சேர்ந்து ஒரே ஒரு புள்ளி. லேண்ட்சாட் படத்தில் ஒரு பிக்சல் 30 மீட்டருக்கு 30 மீட்டர். அந்த 22 சென்ட்டில் ஏழெட்டு மனைகள் அடங்கிவிடும். ஊருக்கும் சேரிக்கும் ஒரே நிறம் தீட்டி 'குடியிருப்பு' என்று எழுதிவிடலாம். குழாய் எந்தத் தெருவோடு நிற்கிறது, பிணம் எந்த வழியாகப் போகிறது என்பதெல்லாம் மேலிருந்து தெரியாது. கீழே இறங்கி நடந்து பார்ப்பவர் யார் என்பதைப் பொறுத்ததுதான் வரைபடம்.

தேசியத் தொலையுணர்வு மையம் நாட்டின் தரிசு நிலங்களுக்கு அட்லஸ் வெளியிடுகிறது. புதர்க்காடு அதில் ஒரு வகை. ஆடு மேய்க்கவும் விறகு பொறுக்கவும் இறந்தவரைப் புதைக்கவும் நிலமற்றவருக்கு மிஞ்சியிருப்பது பெரும்பாலும் அப்படிப்பட்ட இடம்தான். அதைத் தரிசு என்று எழுதிவிட்டால் நாளை ஒரு தொழிற்பேட்டைக்குக் கொடுப்பது எளிது.

சுற்றுச்சூழலின் பெயராலும் இது நடக்கும். 2015 வெள்ளத்துக்குப் பிறகு கூவம், அடையாற்றுக் கரைகளில் இருந்த குடும்பங்கள் ஆக்கிரமிப்பாளர்கள் என்று பெரும்பாக்கத்துக்கு அனுப்பப்பட்டன. அந்தப் பெரும்பாக்கமோ பள்ளிக்கரணைச் சதுப்பை ஒட்டிய தாழ்வான பகுதி. அதே சதுப்பைச் சுற்றி எழுந்த கண்ணாடிக் கட்டடங்களை யாரும் ஆக்கிரமிப்பு என்று அள்ளிப் போடவில்லை. எண்ணூரில் 1996ஆம் ஆண்டு வரைபடத்தில் இருந்த கழிமுகம், 2017இல் தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் வெளிவந்த வரைபடத்தில் காணாமல் போயிருந்தது. கோடு போடுகிறவர் நினைத்தால் ஆறும் மறையும்.

அதே கோட்டை நம் பக்கமும் திருப்ப முடியும். அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில் சேன்ஸ்வில் நகரை ஒட்டிய கோல் ரன் என்ற பகுதியில் பெரும்பாலும் கறுப்பின மக்கள் வாழ்ந்தார்கள். சுற்றிலும் குடிநீர்க் குழாய் வந்தும் அவர்களுக்கு மட்டும் சுமார் 50 ஆண்டுகள் வரவில்லை. எந்த வீட்டில் யார் வாழ்கிறார்கள், குழாய் எதுவரை போகிறது என்பதைப் புவித்தகவல் முறையில் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து வரைந்த வரைபடம் வழக்கில் சாட்சியானது. 2008இல் ஏறக்குறைய 1.1 கோடி டாலர் இழப்பீடு தர நடுவர் குழு தீர்ப்பளித்தது. 'எங்களை ஒதுக்குகிறார்கள்' என்று அந்த மக்கள் சொன்னதை யாராலும் மறுக்க முடியாதபடி ஒரு தாள் காட்டியது.

நமக்கும் அப்படி ஒரு தாள் தேவை. செங்கல்பட்டு ஆட்சியர் ட்ரெமென்ஹீரின் 1891 அறிக்கையைத் தொடர்ந்து ஒடுக்கப்பட்டோருக்கு என ஒதுக்கப்பட்டவை பஞ்சமி நிலங்கள். அவற்றைக் கேட்டுப் போராடியதற்குக் காரணையில் 1994இல் ஜான் தாமஸும் ஏழுமலையும் துப்பாக்கிச் சூட்டில் உயிரைக் கொடுத்தார்கள். இன்றும் நாம் மனு எழுதுகிறோம், 'ஆவணம் இல்லை' என்று பதில் வருகிறது. பழைய அ-பதிவேட்டில் 'டி.சி.' என்று குறித்த சர்வே எண்ணைத் தேடி எடுத்து, புலப்படத்தை இன்றைய செயற்கைக்கோள் படத்தின்மேல் பொருத்திப் பாருங்கள். லேண்ட்சாட் 1972 முதல் படம் எடுத்துக்கொண்டிருக்கிறது. நிலம் யாருடையது என்று அது சொல்லாது. ஆனால் வயல் எந்த ஆண்டுவாக்கில் மனைப்பிரிவாக மாறியது என்று சொல்லும். பதிவேடும் படமும் சேர்ந்தால் வட்டாட்சியர் அவ்வளவு எளிதில் கையை விரிக்க முடியாது.

படிக்க வழிகள் உண்டு. புவியியல், நிலவியல், சுற்றுச்சூழல் அறிவியல் படித்தவர்கள் எம்.எஸ்சி. பக்கம் பார்க்கலாம். பொறியியல் படித்தவர்களுக்கு அண்ணா பல்கலைக்கழகம் போன்ற இடங்களில் எம்.இ., எம்.டெக். இருக்கிறது. 2022 முதல் கேட் தேர்வில் இதற்கென்றே ஜியோமேட்டிக்ஸ் தாள் உண்டு. டேராடூனில் உள்ள இந்தியத் தொலையுணர்வு நிறுவனம் இலவச இணையவழி வகுப்புகள் நடத்துகிறது. கியூஜிஐஎஸ் மென்பொருளுக்குக் காசு வேண்டாம். கணக்கு வராதே என்று பயப்படாதீர்கள், அந்தப் பயத்தை நமக்குள் விதைத்தவர்கள் யாரென்று நமக்குத் தெரியும்.

இன்னொன்று. வெளிநாடு சென்று படிக்கும் எஸ்.சி. மாணவர்களுக்கான ஒன்றிய அரசின் உதவித்தொகையில், இந்தியப் பண்பாடு, வரலாறு, இந்தியச் சமூகம் குறித்த ஆய்வுக்கு இடமில்லை என்று 2022இல் விதி மாற்றினார்கள். சாதியை ஆராயும் கதவை மூடினால் நிலத்தை அளக்கும் கதவு வழியாக உள்ளே போவோம்.

பட்டம் வாங்கியபின் ஏதாவது நிறுவனத்தில் ஒப்பந்த வேலையாகக் கோடு வரைந்துகொண்டிருக்கும் நிலையும் வரலாம். வேலை வேலைதான், வீட்டுக்குச் சோறு வேண்டும். ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஒரு நோட்டோடும் கைப்பேசியோடும் உங்கள் சொந்தக் காலனிக்குப் போங்கள். தண்ணீர்த்தொட்டி, சுடுகாட்டுப் பாதை, ரேஷன் கடை, மழைத்தண்ணீர் தேங்கும் இடம் எல்லாவற்றையும் குறியுங்கள். நம் பாட்டன் பாட்டிகளுக்கு ஒவ்வொரு வரப்பும் தெரியும். அவர்கள் சொல்லச் சொல்ல நாம் வரைய வேண்டும்.

ஜெய் பீம்.